ஆளில்லாத அறையின் படம்

சனிக்கிழமை, பிற்பகல் 4.00

பக்கத்து வீட்டு நீக்கிலாப்பிள்ளை கதவைத் தட்டவில்லை. படம் காட்டுகிற நாட்களில் சீமோன் கதவைப் பூட்டுவதில்லை. ஒரு கையில் மடக்குக் கதிரையும் மறு கையில் மிக்சர்ப் பையுமாக அவர் தோளால் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

ஹோல் இருட்டாக இருந்தது. யன்னல்களில் கம்பளிப் போர்வைகள் தொங்கின. மேசையில் சிலைட் புரொஜெக்டர் ஓடிக்கொண்டிருந்தது. அதன் விசிறி இரைந்தது. எதிர்ச்சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்ட படுக்கை விரிப்பில் படம் எதுவும் இல்லை. வெறும் வெள்ளைச் சதுரம்.

"என்னடா சீமோன், இண்டைக்கு வெள்ளைப் படமோ? ஐரோப்பாவில பனி கூடிப்போச்சோ?"

கண் பழகியபோது முதலில் கால் தெரிந்தது. பிறகு ஆள் தெரிந்தது. சீமோன் சுவரடியிலிருந்த ஹீற்றருக்குப் பக்கத்தில் ஒருக்களித்துக் கிடந்தார். ஹீற்றரின் மூடி கழன்று விழுந்து மாதக்கணக்காகிவிட்டது. திறந்து கிடந்த இரும்பு மூலையில் இரத்தம் காய்ந்துகொண்டிருந்தது.

நீக்கிலாப்பிள்ளை தொட்டுப் பார்த்தார். கை இன்னும் சூடாக இருந்தது. மூச்சு இல்லை. அவர் கொரிடோருக்கு ஓடிவந்து கத்தினார். மிக்சர்ப் பையைக் கீழே வைக்க மறந்துபோனார்.

செத்தவரைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சீமோன், நாற்பத்திமூன்று வயது, மன்னார், மணமாகாதவர். 1985 தொடக்கம் 1992 வரை ஜேர்மனியில் அகதி விடுதியில் இருந்தார். பிறகு ரொறன்ரோ. அதன் ஸ்காபரோப் பகுதியில், மோர்னிங்சைட் பக்கம் ஒரு கட்டடத்தில் ஒன்பதாம் மாடி, கூட அக்காவின் மகன் பஸ்ரியன். வாரநாட்களில் ஒரு பேக்கரியில் தட்டுக் கழுவினார். வாழ்க்கையில் அவர் சேர்த்தது ஒன்றுதான்: ஜேர்மனியில் சனி ஞாயிறுகளில் ரெயிலேறிப் போய்ப் பார்த்த பழைய ஊர்களின் சிலைட்டுகள். ரோத்தன்பேர்க்கின் மதில், பாம்பேர்க்கின் பாலம், ஹைடல்பேர்க்கின் இடிந்த கோட்டை. மாதத்தில் ஒரு சனிக்கிழமை அவற்றைத் தெரிந்தவர்களுக்குப் போட்டுக் காட்டுவார். ஸ்காபரோவில் அதைவிட மலிவான பொழுதுபோக்கு இல்லை. அதனால் ஆட்கள் வந்தார்கள்.

பிற்பகல் 4.40

இராஜேஸ்வரி கேக் வைத்த தகர ரின்னோடு லிப்ட்டிலிருந்து இறங்கியபோது கொரிடோரின் குறுக்கே பொலிஸின் மஞ்சள் நாடா கட்டியிருந்தது.

அவள் பத்து வருடமாக ரொறன்ரோவில் தமிழ் மொழிபெயர்ப்பாளர். கோர்ட், ஆஸ்பத்திரி, அகதிச் சபை, பொலிஸ். இங்கே தமிழருக்குக் கெட்டது நடக்கும் எல்லா அறைகளிலும் அவளுக்கு ஒரு கதிரை இருந்தது. அன்று மட்டும் விருந்தாளியாக வந்திருந்தாள். சீமோன் போன கிழமை கடையில் கண்டு கூப்பிட்டிருந்தார். "அக்கா, நீங்கள் ஐரோப்பாவை எயார்போர்ட்டில மட்டும்தானே கண்டிருப்பியள். ஒருக்கா வாங்கோ."

"நல்லதாகப் போயிற்று," என்றார் டிடெக்டிவ் லாங்மன். கோர்ட்டில் அவளைப் பலதடவை கண்டவர். "இங்கே யாருக்கும் ஆங்கிலம் தெரியாது. தெரிந்தவர்களுக்கும் இன்றைக்குத் தெரியாது."

கேக் ரின்னை அவள் தரையில் வைத்தாள்.

படம் பார்க்க வந்த நாலைந்து பேர் சுவரோரமாக நின்றார்கள். ஒரு கொன்ஸ்ரபிள் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தார். கடைசியில் நின்றவன் கிளிபோட், அவனும் மன்னார். முப்பத்தைந்து வயதிருக்கும். இடது கை முழங்கையில் மடிந்து நெஞ்சோடு ஒட்டியிருந்தது. அந்தக் கை நீளாது.

"எனக்கு அவரைக் கோயிலிலதான் பழக்கம்," என்றான் கிளிபோட். "இஞ்ச வந்த பிறகு. நான் ஊரிலயிருந்து நேர கனடா வந்தனான்."

இராஜேஸ்வரி அதை ஆங்கிலத்தில் சொன்னாள். இருவரும் ஒருவரையொருவர் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. அதுதான் விதி.

மூன்று கிழமைக்கு முன்னர், நகர நடுவில், அகதிச் சபையின் கதவு சாத்திய ஓர் அறையில், கிளிபோட்டின் அகதி விசாரணை நடந்தது. மொழிபெயர்ப்பவர் 'அவர் சொல்கிறார்' என்று சொல்லக்கூடாது. 'நான்' என்றுதான் சொல்லவேண்டும். ஆகவே அவள் அன்று முழுப் பகலும் 'நான்' என்றாள். போன வருடம் சித்திரையில் வவுனியாப் பக்கத்து முகாமொன்றில் என்னை அடைத்து வைத்தார்கள். என் கையை முறித்தார்கள். என் மனைவி றோசலினும் மகளும் மடு மாதா கோயிலடியில் அகதிக் கொட்டிலில் இருக்கிறார்கள். எனக்கு இங்கே இடம் கிடைத்தால் அவர்களைக் கூப்பிடலாம்.

சபை உறுப்பினர், சளிப் பிடித்திருந்த ஒரு நரைத்த பெண், அடைத்து வைத்த அறை எப்படி இருந்தது என்று கேட்டார்.

"வளைஞ்சு இறங்கிற கல்லுப்படி," என்றான் கிளிபோட். "நடுவில தேஞ்சு குழி விழுந்திருக்கும். கீழ ஒரு அறை. அரைவட்ட யன்னல், கையெட்டாத உயரத்தில. கூரையில இரும்பு வளையம். சுவரெல்லாம் ஈரக் கல்லு. மூச்சு விட்டாப் புகையாய் வரும்."

உறுப்பினர் தலையாட்டி எழுதினார். இராஜேஸ்வரி ஒரு மிடறு தண்ணீர் குடித்தாள். முடிவு தபாலில் வரும் என்றார்கள். இன்னும் வரவில்லை.

சபையில் கேட்டதை வெளியே சொல்வதில்லை என்பது அவள் செய்த சத்தியம். அதை அவள் இதுவரை மீறியதில்லை.

மாலை 5.15

நீக்கிலாப்பிள்ளையின் குசினி, அடுப்புக்குப் பக்கத்து மேசை. லாங்மன் கேட்டார், அவள் இரு பக்கமும் பேசினாள்.

"இன்று யார் யார் வரவிருந்தார்கள்?"

"நான், கிளிபோட், கோயில் ஆக்கள் ரெண்டு மூண்டு பேர். பிறகு இந்தப் பிள்ளை. இவ வாறது இதுதான் முதல்தரம். வெள்ளிக்கிழமை பிளாசாவில கண்ட எல்லாருக்கும் நான்தான் சொன்னனான், மொழிபெயர்ப்புச் செய்யிற இராஜேஸ்வரியும் வாறா, ஒழுங்கா வெளிக்கிட்டு வாங்கோ, சாரத்தைக் கட்டிக்கொண்டு வராதேங்கோ எண்டு."

அவள் அதையும் மொழிபெயர்த்தாள், சாரம் உட்பட.

"எந்த ஊரைக் காட்டவிருந்தார்?"

"வால்ட்ஸ்பேர்க். ஆத்தங்கரையில ஒரு பழைய ஊராம். இதுவரை காட்டேல்லை. நல்லதைக் கடைசிக்கு வைச்சிருக்கிறன் எண்டவன்."

"படங்களில் ஆட்கள் இருப்பார்களா?"

"ஒரு மனிசக் குஞ்சும் இல்லை. ஏன்ரா, ஊரில சனம் செத்துப்போச்சோ எண்டு நானே கேட்டிருக்கிறன். அங்க அகதியள் தங்கட மாவட்டத்தை விட்டு வெளிய போகக்கூடாதாம். பிடிபட்டாத் தண்டம். வழக்கும் பழுதாப்போம். இவன் களவாத்தானே போறவன். முகம் விழுந்தா அந்தப் படமே சாட்சியாப் போயிடும் எண்டு கட்டடத்தை மட்டும் எடுப்பான். அதையும் ரெண்டு ரெண்டு தரம் எடுப்பான். பிழைச்சுப்போனாத் திரும்பிப் போய் எடுக்கேலாதே."

"இரண்டையும் காட்டுவாரா?"

"சீச்சீ. ஒண்டு புரொஜெக்டர் தட்டில. மற்றது பெட்டியில. பெட்டியெல்லாம் பஸ்ரியன்ர அறையில கிடக்கு." கிழவர் மூக்கைச் சிந்தினார். "எனக்கு விளங்காதது அந்த வெள்ளை வெளிச்சம்தான் பிள்ளை. அவன் ஒருநாளும் வெள்ளை விடமாட்டான். கண் கூசும் எண்டு, படமில்லாத குழியில கறுப்பு மட்டை செருகி வைப்பான்."

லாங்மன் இதை எழுதவில்லை. எழுதாததை இராஜேஸ்வரி கவனித்தாள்.

"அவரோடு யாருக்காவது சண்டை?"

நீக்கிலாப்பிள்ளை அவளைப் பார்த்தார். "இதை இந்தப் பொலிசுக்காரனுக்குச் சொல்லாத, என்ன?"

"அண்ணை, நீங்கள் வாய் திறந்தா நானும் திறக்கவேணும். சொல்லாட்டி நானும் பேசாமல் இருப்பன்."

வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரிந்தவரல்ல நீக்கிலாப்பிள்ளை. சொன்னார். வியாழக்கிழமை பஸ்ரியன் கொரிடோர் முழுக்கக் கேட்கக் கத்தினான்: உந்தப் பெட்டியளை ஒருநாள் குப்பைக் குழிக்குள்ள தள்ளுவன், உங்களையும் சேர்த்துத் தள்ளுவன்.

இராஜேஸ்வரி மொழிபெயர்த்தாள். பிறகு, கேட்காமலே, ஒரு வரி சேர்த்தாள். "எங்கள் வீடுகளில் இப்படித்தான் கத்துவார்கள். யாரும் யாரையும் தள்ளுவதில்லை."

"நீங்கள் சொற்களை மட்டும் தாருங்கள்," என்றார் லாங்மன்.

மாலை 6.30

பஸ்ரியன் கார் பார்க்கிங்கிலிருந்து வந்தான். இருபத்துநாலு வயது. கன்னத்தில் கார் சீற்றின் தையல் அடையாளம் பதிந்திருந்தது.

"மத்தியானத்திலிருந்து எங்கே இருந்தாய்?" என்று லாங்மன் இராஜேஸ்வரி வழியாகக் கேட்டார்.

"காரில படுத்திருந்தனான்."

"ஒன்பதாம் மாடியில் கட்டில் இருக்கும்போது?"

"வேலை முடிஞ்சு வந்தா இஞ்ச எங்க அன்ரி படுக்கிறது? அறை முழுக்க அவற்ர பெட்டி. இண்டைக்குப் படம் வேற. ஆக்கள் வந்து ஒரே கத்தல்."

"உன்னை யாராவது கண்டார்களா?"

"நித்திரை கொள்ளுறவனை ஆர் வந்து பாக்கிறது?"

"உன் அறைக்குப் பூட்டுப் போட்டது யார்?"

"நான்தான். படம் பாக்க வாற ஆக்கள் என்ர கட்டிலில குந்தியிருந்து கடலை கொறிக்கினம்."

"பூட்டின் திறப்பு யாரிடம்?"

"ஒண்டுதான். என்னட்டைதான் இருக்கு." எடுத்து மேசையில் வைத்தான்.

"வியாழக்கிழமை மாமாவைத் தள்ளுவேன் என்று சொன்னாயா?"

பஸ்ரியன் இராஜேஸ்வரியைப் பார்த்தான். அவள் தன் கைகளைப் பார்த்தாள்.

"சொன்னனான்," என்றான். பிறகு கேட்டான்: "அவர் மத்தியானம் சாப்பிட்டவரோ அன்ரி?"

லாங்மனுக்கு அந்தக் கேள்வி பிடிக்கவில்லை. செத்தவரின் வயிற்றில் என்ன இருந்தது என்று கேட்கிற மருமகனை அவர் முன்னர் கண்டதில்லை. சீமோன் மூன்று மணியளவில் விழுந்திருக்கிறார், உடனே சாகவில்லை, ஒரு மணிநேரம்வரை உயிர் இருந்திருக்கலாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். வாசல் கதவில் உடைத்து நுழைந்த அடையாளம் இல்லை. கையில் கிடைத்தது ஒரு மிரட்டல், ஒரு மருமகன், சாட்சி இல்லாத ஒரு தூக்கம். பஸ்ரியனைக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை, காலை 11.00

இராஜேஸ்வரி தொலைபேசியில் கூப்பிட்டாள். லாங்மன் விருப்பமில்லாமல் சீமோனின் வீட்டுக்கு வந்தார்.

யன்னல்களிலிருந்து போர்வைகளைக் கழற்றியிருந்தார்கள். நவம்பர் வெளிச்சத்தில் அந்த ஹோல் அசிங்கமாக இருந்தது. புரொஜெக்டரின் வட்டத் தட்டு மேசையில் அப்படியே இருந்தது. கையுறை போட்டுக்கொண்டு லாங்மன் அதைத் தூக்கிப் பார்த்தார்.

"ஒரு குழியில் படமும் இல்லை, கறுப்பு மட்டையும் இல்லை," என்றாள் இராஜேஸ்வரி. "புரொஜெக்டர் நின்றதும் அந்தக் குழியில்தான். சிலைட்டுகளின் அட்டையில் எண் அடித்திருக்கிறது, பாருங்கள்."

பதின்மூன்று. பதினைந்து. வெறுமை. பத்தொன்பது.

"பதினேழு இல்லை," என்றார் லாங்மன். "விழுந்தபோது எங்காவது சிதறியிருக்கும்."

"நேற்று உங்கள் ஆட்கள் தரையெல்லாம் தேடினார்கள். தட்டில் வேறு எதுவும் சிதறவில்லை. அது ஓடிக்கொண்டிருந்த படம். அதை மட்டும் யாரோ எடுத்திருக்கிறார்கள்."

"மருமகன் எடுத்திருக்கலாம்."

"அவனுக்குப் படங்கள் மேல் கோபம் என்றால் எல்லாவற்றையும் குப்பையில் போட்டிருப்பான். இந்த ஒரு படம் மேல்தான் கோபம் என்றால் இதன் இணையையும் எடுத்திருப்பான். சீமோன் எல்லாவற்றையும் இரண்டு தரம் எடுப்பவர். இணை அவன் அறையில் இருக்கிறது. திறப்பு அவன் பையில் இருந்தது." அவள் அந்த அறைக் கதவின் பூட்டைக் காட்டினாள். "இந்தப் பூட்டைச் சுற்றி மரத்தில் புதிதாகக் கீறல்கள் இருக்கின்றன. திறப்பு வைத்திருக்கிறவன் தன் கதவைத் தானே கிண்டுவானா?"

லாங்மன் குனிந்து பார்த்தார். கீறல்கள் இருந்தன. கத்தியோ திருப்புளியோ போட்டுக் கிண்டிய கீறல்கள். அவர் பையிலிருந்து திறப்பை எடுத்தார்.

கட்டிலுக்கடியில் சப்பாத்துப் பெட்டிகள். ஒவ்வொன்றின் மேலும் ஊரின் பெயர். வால்ட்ஸ்பேர்க் என்ற பெட்டியில் பதினாலு இருந்தது, பதினாறு இருந்தது, பதினெட்டு இருந்தது. பதினேழின் இணையான பதினெட்டை இராஜேஸ்வரி யன்னலுக்கு நேரே பிடித்தாள்.

அவள் கை கீழே இறங்க நேரம் எடுத்தது.

லாங்மன் வாங்கிப் பார்த்தார். நிலவறை ஒன்று. வளைந்த கற்படிகள். மேலே அரைவட்ட யன்னல். கூரையில் இரும்பு வளையம். பார்வையாளர்களுக்காகக் கயிறு கட்டியிருந்தது. ஆள் யாருமில்லை.

"காலி அறை," என்றார். "இதை யார் களவெடுப்பான்?"

இராஜேஸ்வரி பஸ்ரியனின் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"யார் என்று எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று சொல்ல முடியாது."

"ஒரு பையன் என்னுடைய காவல் அறையில் இருக்கிறான், மேடம்."

"தெரியும். அவனுடைய வார்த்தையை ஆங்கிலத்தில் உங்களிடம் தந்தவள் நான்தான்." அவள் எழுந்தாள். "நான் சொல்லத் தேவையில்லாத ஒன்று இருக்கிறது. அதைக் கண்ணுள்ள எவரும் பார்க்கலாம். யன்னலை மூடுங்கள்."

போர்வைகளை மறுபடி தொங்கவிட்டார்கள். புரொஜெக்டரின் விசிறி இரைந்தது. ரோத்தன்பேர்க் வந்தது. மதில், கோபுரம், கற்கள் பாவிய தெரு. ஒரு சனமும் இல்லை.

"கட்டடத்தைப் பார்க்காதீர்கள். நிலத்தைப் பாருங்கள்."

படத்தின் கீழ் விளிம்பில், கற்களின் மேல், இரண்டு நிழல்கள் விழுந்திருந்தன. ஒன்று இரண்டு முழங்கைகளையும் உயர்த்தியிருந்தது. அது கமெரா பிடித்த சீமோன். மற்றது பக்கத்தில் நின்றது.

"முகம் விழாமல் பார்த்துக்கொண்டார்கள்," என்றாள் அவள். "வெயிலை மறந்துபோனார்கள்."

லாங்மன் பொத்தானை அழுத்தினார். பாம்பேர்க், பாலத்தின் மேல் இரண்டு நிழல்கள். ஹைடல்பேர்க், புல்லின் மேல் இரண்டு நிழல்கள். கோடையிலும் இலையுதிர் காலத்திலும் ஊருக்கு ஊர் அதே இரண்டாவது நிழல், இடது முழங்கை வெளியே துருத்திக்கொண்டு.

"ஏதோ பையைப் பிடித்துக்கொண்டிருக்கிறான்," என்றார் லாங்மன். அடுத்த படத்தில் அப்படிச் சொல்லவில்லை. அதற்கடுத்த படத்தில் புரொஜெக்டரை நிறுத்திவிட்டார்.

"நேற்றுக் கொரிடோரில்," என்றார். "கடைசியாக நின்றவன். கோயிலில்தான் பழக்கம் என்றவன். நேராகக் கனடா வந்தவன்."

"கிளிபோட்," என்றாள் இராஜேஸ்வரி.

பிற்பகல் 3.30

பொலிஸ் நிலையத்தில் யன்னல் இல்லாத அறை. வேறு மொழிபெயர்ப்பாளரைக் கொண்டுவரலாம் என்று லாங்மன் சொன்னார். கிளிபோட் மறுத்தான். லோயரும் வேண்டாம் என்றான். அக்கா இருந்தால் கதைக்கிறேன் என்றான்.

லாங்மன் நிழல் படங்களை ஒவ்வொன்றாக வைத்தார். கடைசியாகப் பதினெட்டை வைத்தார். கிளிபோட் அதைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. இராஜேஸ்வரியைப் பார்த்தான்.

"அக்கா, சொல்லீற்றியளோ?"

அவள் மொழிபெயர்த்தாள். "எதை?" என்றார் லாங்மன். அவள் கிளிபோட்டிடம் சொன்னாள்:

"நான் நிழலை மட்டும்தான் காட்டினனான். அறையைப் பற்றி என்ர வாயிலயிருந்து ஒண்டும் வரேல்லை."

அவன் தலையாட்டினான். சட்டைப் பையிலிருந்து தன் மகளின் படத்தை எடுத்தான். கொட்டில் வாசலில் நிற்கும் எட்டு வயதுப் பிள்ளை. அதன் பின்னாலிருந்து ஒரு சிலைட்டை உருவி, இரண்டையும் மேசையில் வைத்தான். பதினேழு.

"எறியத்தான் கொண்டு போனனான். ஏலாமப் போச்சு. நானும் அவனும் போன கடைசி ஊர்."

பிறகு சொன்னான். இராஜேஸ்வரி 'நான்' என்று சொல்லத் தொடங்கினாள்.

"என்னைப் பிடிச்சது உண்மை. கையை முறிச்சது உண்மை. ஆனா அது போன வருசமில்லை, எண்பத்தாறில. அதுக்குப் பிறகுதான் ஜேர்மனி. மகள் பிறக்க முன்னம் வெளிக்கிட்டனான், அவளை இந்தப் படத்திலதான் கண்டிருக்கிறன். ஜேர்மனிக்காரன் வழக்கை மறுத்துப்போட்டான். ஜேர்மனியைப் பற்றி இஞ்ச மூச்சு விடாத, விட்டா அங்கயே திருப்பி அனுப்புவாங்கள் எண்டு எல்லாரும் சொன்னவை. அதாலதான் வருசத்தை மாத்தினனான்."

"அறை?" என்றார் லாங்மன்.

"அறை எப்பிடி இருந்தது எண்டு சபையில கேட்டினம். எனக்குத் தெரியாது. பிடிச்ச உடன தலையில சாக்கைப் போட்டவங்கள். விடுகிற நாள்மட்டும் கழட்டேல்லை. சாக்குக்குள்ள பெற்றோல் மணம். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அதைச் சொன்னா ஆர் நம்புவினம்? விவரமாச் சொல்லவேணும், விவரம் இல்லாட்டிப் பொய் எண்டு நினைப்பினம் எண்டு சொல்லித்தானே அனுப்பினவை. எனக்கு ஒரு நிலவறைதான் தெரியும். சீமோனோட போய், ரிக்கற் எடுத்துப் பாத்தது. அதைச் சொன்னன்."

டேப் ரெக்கோடர் சுற்றியது.

"நேற்று?"

"வெள்ளிக்கிழமை நீக்கிலாப்பிள்ளையண்ணை சொன்னார், அக்கா வாறா எண்டு. எந்த ஊர் எண்டு சீமோனைக் கேட்டன். வால்ட்ஸ்பேர்க் எண்டான். சனிக்கிழமை முன்னுக்குப் போய்க் கெஞ்சினன், அந்த ஒண்டை மட்டும் எடுத்துவிடு எண்டு. ஏனெண்டு கேட்டான். நான் சொல்லேல்லை. அவனுக்குச் சொன்னா நீக்கிலாப்பிள்ளையண்ணைக்குப் போகும். அவருக்குப் போனா ஸ்காபரோ முழுக்கப் போகும். சீமோன் சிரிச்சான். டேய், அந்தப் படத்துக்காகத்தானே குளிருக்குள்ள நாலு ரெயில் மாறிப் போனனாங்கள் எண்டு சொல்லி, அதைப் போட்டுக் காட்டினான். நான் எட்டி உருவினன். என்ர நல்ல கையைப் பிடிச்சு இழுத்தான். உதறினன். விழுந்தான்."

"அப்போது உயிரோடு இருந்தாரா?"

"ஓம். கண்ணைத் திறந்து பாத்தவன்."

"நீங்கள் என்ன செய்தீர்கள்?"

"மற்றப் படம் அறைக்குள்ள இருந்தது. பூட்டைக் கிண்டிப் பாத்தன். திறக்கேல்லை."

"ஏன் அம்புலன்ஸைக் கூப்பிடவில்லை?"

"வந்தாப் பேர் கேப்பாங்கள்."

இராஜேஸ்வரி அதையும் சொன்னாள். நான் பூட்டைக் கிண்டிப் பார்த்தேன். வந்தால் பெயர் கேட்பார்கள். அவள் குரல் மாறவில்லை. அதுதான் அவள் தொழில்.

பஸ்ரியனை விடச் சொல்லி லாங்மன் வெளியே ஆள் அனுப்பினார். திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"அவரே சொல்லிவிட்டார். இனி நீங்களும் சொல்லலாம்," என்றார் இராஜேஸ்வரியிடம். "காலி அறையைப் பார்த்தவுடன் எப்படித் தெரிந்தது?"

"ஆளில்லாத படத்தைக் கண்டு பயப்பட யாரால் முடியும்? அந்த அறை வேறெங்கோ இருந்ததாகச் சொன்னவனால் மட்டும்தான். அவன் யாருக்குப் பயப்படுவான்? அப்படி அவன் சொன்னதைக் கேட்டிருந்தவருக்கு மட்டும். நேற்று அந்த வீட்டுக்கு முதல்தரமாக வரவிருந்தவள் நான்." அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "ஆனால் அந்த அறை பொய் என்பது எனக்கு இன்றைக்கா தெரியவேண்டும்? மூன்று கிழமைக்கு முன்னரே தெரிந்திருக்கவேண்டும். மூச்சு விட்டால் புகையாக வரும் என்று அவர் சொன்னார்."

"அதில் என்ன?"

"பார்த்தீர்களா? உங்களுக்கும் தெரியவில்லை. வவுனியாவில், சித்திரை வெயிலில், எந்த நிலவறையிலும் மூச்சு புகையாகாது. அங்கே யாரும் தன் மூச்சைக் கண்ணால் கண்டதில்லை. அது நாங்கள் பிளேனால் இறங்கிய பிறகு கண்டது. சபையில் இருந்த எல்லாரும் கனடாக்காரர்கள். ஈரக் கல்லறை என்றால் மூச்சு தெரியும் என்று அவர்களுக்குத் தெரியும். நம்பினார்கள். கிளிபோட்டுக்கும் எட்டுக் குளிர்காலம் போய்விட்டது. எனக்குப் பத்து. மன்னார்க்காரன் ஒருவன் சொன்னான், யாழ்ப்பாணத்துக்காரி ஒருத்தி ஆங்கிலத்தில் சொன்னாள். இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை."

லாங்மன் சிலைட்டுகளை ஒவ்வொன்றாக உறைக்குள் போட்டார். பதினேழையும் பதினெட்டையும் ஒன்றாகப் போட்டார்.

கிளிபோட்டுக்கு அவர்கள் பேசிய ஆங்கிலம் பாதிதான் விளங்கியது. மகளின் படத்தை மட்டும் திருப்பிக் கேட்டான். லாங்மன் கொடுத்தார். அவன் அதைச் சட்டைப் பையில் வைத்து, நீளாத கையால் அமர்த்திப் பிடித்துக்கொண்டான்.

"றோசலினுக்கு ஆர் அறிவிக்கிறது அக்கா?"

"மடுக் கோயில் சாமியாருக்கு எழுதுறன். அவர் சொல்லுவார்."

"வேற ஒண்டும் கேக்கேல்லை. இதை மட்டும் சொல்லுங்கோ." அவன் நேராகப் பார்த்தான். "அந்தப் படத்தை நேற்று நீங்கள் கண்டிருந்தா, சபைக்குச் சொல்லியிருப்பியளோ?"

சொல்லியிருப்பேன் என்று அவள் சொல்லலாம். சொன்னால் சீமோன் செத்ததற்கு ஒரு காரணமாவது மிஞ்சும். அவன் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு சிறையில் படுக்கலாம். இராஜேஸ்வரி அதை யோசித்தாள். பத்து வருடத்தில் அவள் ஒரு வாக்கியத்தையும் மாற்றியதில்லை.

"இல்லை," என்றாள். "சொல்லியிருக்க மாட்டன்."

கிளிபோட் மேசையில் தலையைக் கவிழ்த்தான்.

"என்ன கேட்டார்?" என்றார் லாங்மன்.

சொன்னாள்.

"நீங்கள் என்ன சொன்னீர்கள்?"

அதையும் ஆங்கிலத்தில் சொன்னாள். டேப் ஓடிக்கொண்டிருந்தது.